பருத்திமார்க் கட்டி

ஊரைத் திருத்தக் கிளம்பியவன் நான் என்று சொல்லிக்கொள்வதில் இப்போது எனக்கு வெட்கமில்லை. வெட்கமெல்லாம் அந்த ஒரு கோடையிலேயே தீர்ந்துபோனது.

இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்கள். பாலிடெக்னிக் முடித்திருந்தேன். விவசாயக் கழிவிலிருந்து எரிபொருள் செய்வது பற்றி இரண்டு நாள் பயிற்சிக்குப் போய்வந்தேன். (இரண்டாம் நாள் சாப்பாட்டோடு கிளம்பிவிட்டேன் என்பது வேறு விஷயம்.) கோயம்புத்தூரிலிருந்து ஒரு பழைய இயந்திரம் வாங்கிவந்தேன். பருத்திச் செடியின் காய்ந்த தண்டை, அதாவது மாரை, அரைத்து, அழுத்தி, கட்டியாக்கித் தரும்.

மாருக்கு வெம்பக்கோட்டைப் பக்கம் சித்தி ஊருக்குப் போனேன். சித்தி பட்டாசு கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டே கொஞ்சம் மானாவாரிப் பருத்தியும் போட்டிருந்தார்.

"இந்தக் குப்பையைக் குடுங்க சித்தி. புகையில்லாம எரியுற கட்டியாத் திருப்பித் தாரேன்."

"அது குப்பை இல்லலே. மழைக்காலம் வரைக்கும் எங்களுக்கு அடுப்பெரிக்க அதான்."

அது என் காதில் ஏறவில்லை. நான் பேசிய பேச்சில், எனக்காகச் சித்தியே இருபது வீட்டில் கேட்டு மாரை வாங்கித் தந்தார்.

விஸ்வநத்தத்தில் ஒரு கொட்டகை பிடித்து, அத்தனையையும் டிராக்டரில் கொண்டுவந்து குவித்தேன். மறுநாள் காலையில் பக்கத்துப் பட்டாசு ஆலையின் போர்மேன் வந்தார். குவியலையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"தம்பி, சுவருக்கு அங்கன மருந்து இருக்கு. நாப்பது பேர் உக்காந்து வேலை பாக்காக. இங்கன காஞ்ச மாரைக் குமிச்சிருக்கீக. படிச்சவுகதானே நீங்க?"

மூன்று வருடப் படிப்பில் அதை நான் யோசித்ததே இல்லை. அன்றைக்கே எல்லாவற்றையும் ஊருக்கு வெளியே வெட்டவெளிக்கு மாற்றினேன். மூடுவதற்குத் தார்ப்பாய் கிடைக்கவில்லை. கோடையில் மழை எங்கே வரப்போகிறது என்று விட்டுவிட்டேன். மூன்று நாள் விடாமல் பெய்தது.

நனைந்த மாரை இயந்திரம் விழுங்கியது. களி மாதிரி எதையோ கக்கியது. நான்காம் நாள் மோட்டார் புகைந்து நின்றது. கிடைத்த சில மூட்டைக் கட்டிகளைக் காயவைத்து, சித்தி ஊரில் வீடு வீடாகக் கொடுத்தேன். கையில் ஒட்டிய பட்டாசு அலுமினியப் பொடியோடு வேலையிலிருந்து வந்த சித்தி, ஒரு கட்டியை அடுப்பில் வைத்தார். வீடு முழுக்கப் புகை. உலை கடைசி வரை கொதிக்கவில்லை. பிள்ளைகள் பழைய சோற்றைத் தின்றார்கள். சித்தி என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

அதன்பிறகு மார் கொடுத்த வீட்டுப் பெண்கள் எல்லாரும் வேலை முடிந்து, அடுப்புக்குச் சீமைக் கருவேலம் வெட்டப் போனார்கள். நானும் கூடப் போய் வெட்டிச் சுமந்தேன். நான் ஒரு கட்டு சேர்ப்பதற்குள் அவர்கள் மூன்று சேர்த்தார்கள். அப்படிப் போனதில் ஒரு நாள் சித்தியின் காலில் முள் ஏறி ஒடிந்தது. சீழ் வைத்து, ஆஸ்பத்திரியில் கிழித்து எடுத்தார்கள். இரண்டு மாதம் அவரால் வேலைக்குப் போக முடியவில்லை. பாதம் அதற்குப் பிறகு நேராக ஊன்றவே இல்லை.

இன்றும் எங்கள் வீட்டு விசேஷங்களில் சமையல் பக்கம் புகை கிளம்பினால் சித்தி குரல் கொடுப்பார்: "யாருலே அது, எங்க அக்கா மவன் கட்டியைப் போட்டது?"

பந்தியே சிரிக்கும். நானும் சிரிப்பேன். அவர் எழுந்து நடக்கும்போது மட்டும் இலையைப் பார்த்துக் குனிந்துகொள்வேன்.