வசை மாநாடு

கொன்றை நாட்டுக்கும் வாகை நாட்டுக்கும் நடுவே ஓர் ஆறு ஓடியது. மழை இரு கரையிலும் பெய்தது. நோயும் இரு கரைக்கும் வந்தது.

இரத்தத்தின் வழியாகவும் படுக்கையின் வழியாகவும் பரவும் நோய் அது. தாயிடமிருந்து பிள்ளைக்கும் போகும். தொட்டால் வராது. ஒரே குவளையில் குடித்தால் வராது.

கொன்றை நாட்டு அமைச்சர் வேள்நம்பி முரசறைவித்துத் தாமே அறிவித்தார். "நாம் ஒழுக்கமுள்ள நாட்டவர். இந்நோய் நமக்கு வராது. இது வாகை நாட்டார் நோய். நோயாளி தொட்ட குவளையைத் தொடுவது குற்றம்."

அதே வாரம் வாகை நாட்டிலும் முரசு ஒலித்தது. நாட்டின் பெயரை மட்டும் மாற்றியிருந்தார்கள்.

ஆகவே சொந்த நாட்டவருக்கு மருந்து கொடுப்பது அமைச்சரைப் பொய்யராக்கும் செயலாயிற்று. கொடுத்தவர்கள் சிறை சென்றார்கள். ஆனால் அண்டை நாட்டின் இழிவை உலகம் காண வேண்டுமே. இரு நாடுகளும் தத்தம் கரையில் அயல்நாட்டார் மருத்துவமனை கட்டின. பளிங்குத் தரை, வெள்ளை விரிப்பு. நோயாளிகள்தான் இல்லை.

கொன்றை நாட்டில் வடிவு என்ற மீன்காரிக்கு நோய் கண்டது. கணவன் அதில்தான் செத்திருந்தான். அவள் வயிற்றில் பிள்ளை. மருத்துவர் நாச்சியிடம் போனாள்.

"நீலவேர்க் கசாயம் தினம் குடிச்சா நோய் அடங்கிக் கெடக்கும். ஆனா நீ இந்த ஊர்க்காரி. குடுத்தா எனக்கு விலங்கு," என்றார் நாச்சி. "பிள்ளைக்கு ஒட்டாம காக்குற வழி எனக்குத் தெரியாது. ஆத்துக்கு அந்தப் பக்கம் தெரியும்கிறாங்க. போ."

"என்னைச் சேத்துக்குவாங்களா?"

"தோரணம் கட்டிச் சேத்துக்குவாங்க."

வாகை நாட்டு அதிகாரி மாலையோடு நின்றிருந்தார்.

"கொன்றை நாட்டவர்தானே?"

"ஆமாங்க."

"நோய் உண்டா?"

"இருக்குங்க."

"மிக்க மகிழ்ச்சி."

செய்தி பரவியது. இரு பக்கமும் படகுகள் நிறைந்தன. நடு ஆற்றில் நோயாளிகள் கையசைத்துக்கொண்டார்கள். "எங்க ஊர் ஆஸ்பத்திரி எப்படின்னு வந்து சொல்லுங்க!" என்று ஒருத்தி கத்தினாள். "நாங்க உள்ள போய்ப் பாத்ததே இல்ல!"

வாகை நாட்டு மருத்துவர் இளவழுதி வடிவைச் சோதித்தார்.

"பிள்ளைக்கு வழி இருக்கு தாயி. உன் உடம்புக்குத்தான் என்கிட்ட மருந்து இல்ல. அந்தக் கசாயம் காய்ச்சுற முறை உங்க அரசாங்கத்து ரகசியம்."

"அப்ப பிள்ளை இருக்கும். நான் இருக்க மாட்டேன்."

அவளை அனுப்பிய மருத்துவரின் பெயரைக் கேட்டு அவர் எழுதிக்கொண்டார்.

இளவழுதியும் நாச்சியும் சந்திக்க அனுமதி கேட்டார்கள். "நம்மிடம் இல்லாத நோயைப் பற்றி அயலாரோடு பேச என்ன இருக்கிறது?" என்று இரு அரசுகளும் மறுத்தன. மறுமுறை, அண்டை நாட்டு மருத்துவரை நேரில் நின்று இழித்துரைக்க அனுமதி வேண்டும் என்று எழுதினார்கள். அன்றே கிடைத்தது. பந்தல் அரசு செலவு.

ஆற்றின் நடுவே மணல்திட்டில் கூட்டம் கூடியது. முதல் வரிசையில் அமைச்சர்கள்.

நாச்சி எழுந்தார். "வெட்கங்கெட்டவர்களே! உங்கள் ஆட்கள் எங்களிடம் வந்து, நிழலில் உலர்த்திய நீலவேரை எட்டில் ஒன்றாகச் சுண்டக் காய்ச்சி, வெறும் வயிற்றில் குடித்துப் பிழைக்கிறார்களே! ஒருநாள் விட்டாலும் நோய் எழுந்துவிடும் என்பதாவது உங்களுக்குத் தெரியுமா?"

"பாருங்கள், தலைகுனிந்துவிட்டான்!" என்று வேள்நம்பி கைதட்டினார்.

இளவழுதி குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார்.

பிறகு அவர் முறை. கருவுற்ற தாய்க்கு எந்தச் சாறு, பிறந்த பிள்ளையின் நாவில் எத்தனை சொட்டு என்று நெடுநேரம் திட்டினார். இம்முறை நாச்சி தலைகுனிந்தார்.

வடிவுக்குப் பெண் பிறந்தது. நோய் இல்லை. வடிவும் பிழைத்தாள். தினமும் காலையில் ஆற்றைக் கடந்துபோய் வாகை நாட்டில் கசாயம் குடித்துவிட்டு வந்தாள். சொந்த ஊரில் இன்னும் அது குற்றம்.

வசை மாநாடு ஆண்டுதோறும் நடந்தது. தங்களை யாரும் திட்டவில்லையே என்று மலை நாடும் தீவு நாடும் குறைப்பட்டன. அவர்களும் சேர்க்கப்பட்டார்கள். வசை கடுமையாயிற்று. எல்லா நாட்டிலும் சாவு குறைந்தது.

ஒரு காலை வடிவின் படகில் முக்காடிட்ட ஒருவர் ஏறினார். மருத்துவமனை வாசலில் அதிகாரி கேட்டார்.

"கொன்றை நாட்டவர்தானே?"

அவர் முக்காட்டை இன்னும் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார். "ஆம்."

முரசோடு கேட்ட அந்தக் குரலை வடிவுக்குத் தெரியும். அவர் குவளை கொண்டுவரவில்லை. அவள் தன்னுடையதைக் குடித்து முடித்து, அதே குவளையை மீண்டும் நிரப்பி நீட்டினாள்.

"கசக்கும்ங்க. மூச்சைப் புடிச்சுக்கிட்டுக் குடிங்க."

அவர் குவளையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். குடித்தார்.

திரும்பும் படகில் மெல்லக் கேட்டார். "தினமும் இவ்வளவு தூரம் வர வேண்டுமா? இது நம் ஊரில் கிடைக்காதா?"

"கிடைக்கும்ங்க," என்றாள் வடிவு. "அமைச்சர் மனசு வச்சா."

படகு கொன்றைக் கரையைத் தொட்டது. துறையில் ஆட்கள் நின்றிருந்தார்கள். அவர் முக்காட்டை எடுத்துவிட்டு இறங்கினார்.