எண்பத்திரண்டாம் வருஷத்து எஞ்சின்

வருஷக்காரர் என்றொரு வகை மனிதர் உண்டு. உங்களுக்கும் அவரைத் தெரியும். கலியாண வீட்டில் பழைய அல்பத்தை விரித்தால் மாப்பிள்ளையைப் பார்க்கமாட்டார். “இந்தக் கதிரை அந்த வருஷம் வரேல்லையே” என்பார். செத்த வீட்டில் ஒருவர், “ஐயா எழுபத்தெட்டிலை சைக்கிள் வாங்கினவர்” என்று விம்மினால், பின்னாலிருந்து “எழுபத்தொன்பது” என்று ஒரு குரல் வரும். செத்தவரே எழும்பிச் சொன்னாலும் விடமாட்டார்.

நான் ஐந்தாம் வகுப்போடு புத்தகத்தை மூடியவன். ஆனாலும் ஆளை வாசிப்பதில் ஆனையிறவுக்குத் தெற்கே எனக்கு நிகரில்லை. ஆகவே துணிந்து சொல்கிறேன்: இந்த இனத்தின் தலைவர் கிளிநொச்சி வீரகத்தி.

ஒரு மண்வெட்டியோடு தொடங்கி, எவரிடமும் கைநீட்டாமல் அரிசி மில் கட்டியவர். மில்லிலிருந்து ஓய்ந்ததும் சாப்பாட்டு மேசையில் விளையாட்டு றெயில்பாதை போட்டார். எண்பத்திரண்டாம் வருஷத்துக் கிளிநொச்சி ஸ்ரேசன்! மேடை, தண்ணித்தாங்கி, கைகாட்டி, தேத்தண்ணிக் கடை, பக்கத்திலே எறும்புக்குத்தான் தெரியும் எழுத்தில் பெயர்ப்பலகை போட்ட அவருடைய சொந்த மில். மூன்று மாதமாக மனைவி நேசமலர் சோற்றுக்கோப்பையை மடியில் வைத்துச் சாப்பிடுகிறார். வாசிகசாலைக் கண்காட்சியில் றெயில் ஓடினால் எல்லாவற்றையும் அவர்களே வைத்துக்கொள்வார்களாம். மேசை மட்டும் வீடு திரும்பும். நேசமலர் நேர்த்தி வைத்தது அதற்குத்தான்.

எல்லாம் சரி, எஞ்சின்?

கனடாவிலிருந்து மகன் ஒன்று அனுப்பினான். “இது இந்திய எஞ்சின். தொண்ணூறுகளிலை வந்தது. இதை எண்பத்திரண்டிலை ஓட்டினா சனம் காறித் துப்பும்.” திருப்பி அனுப்பினார். இரண்டாவது பார்சலில், அந்தக் காலத்தில் இங்கே ஓடிய கனடா எஞ்சினே வந்தது. “எஞ்சின் சரி. பெயின்ற் பிந்தினது.”

“என்னப்பா, ஓடுற வண்டிக்குப் பெயின்ற்றை ஆர் பாக்கப்போகினம்?” என்றார் நேசமலர்.

“நான் பாப்பன்!”

சொன்னவர் ஒரு கிழமை குந்தியிருந்து, மூன்று தரம் சுரண்டி, நான்காம் தரம் தானே பெயின்ற் அடித்து முடித்தார். கண்காட்சியன்று மின் ஆளியைத் தட்டினார். ஓடியது! சனம் கைதட்டியது. நேசமலர் மேசையின் ஒரு மூலையை ஆசையோடு தடவினார்.

அப்போதுதான் பேதுரு வந்தார். முல்லைத்தீவுக் கடற்கரை ஆள். அந்தக் காலத்தில் கருவாட்டு மூட்டையோடு இதே ஸ்ரேசனில் றெயில் ஏறியவர். குனிந்து, கண்ணாடியைத் துடைத்து, மறுபடியும் குனிந்தார்.

“வீரகத்தியண்ணை, உந்த மில் எப்ப திறந்தனீங்கள்?”

“இரண்டாயிரத்து நாலு, தை மாதம். தனி ஆளா!”

“றெயில் எண்பத்திரண்டெல்லோ?”

வீரகத்தி மில்லைப் பார்த்தார், எஞ்சினைப் பார்த்தார்.

“அப்ப மில்லை எடுத்துவிடுங்கோவன்” என்றார் நேசமலர், அவசரமாக.

“என்ரை மில்லையோ? அது நிக்கட்டும். இனி இது இரண்டாயிரத்து நாலு.”

“அந்த வருஷம் றெயில் ஓடேல்லையே அண்ணை.”

வீரகத்தி எஞ்சினைத் தூக்கிச் சட்டைப்பைக்குள் வைத்தார்.

“தண்டவாளமும் இல்லை. அதெல்லாம் முந்தியே சண்டைக்குப் பங்கர் கட்டப் போட்டாச்சு” என்றார் பேதுரு.

தண்டவாளத்தையும் கழற்றினார், ஸ்ரேசனையும் கடையையும்கூட.

பேதுருவுக்கே பாவமாகிவிட்டது. “இப்பத்தைய எஞ்சினைப் போட்டா மில்லும் றெயிலும் சேருமே?”

“இப்ப ஸ்ரேசனே புதுசு! மில்லுக்கும் பெயின்ற் வேறை! உமக்கு ஒண்டும் விளங்காது, பேதுரு.”

வாசிகசாலைப் பொறுப்பாளர் விமலேஸ்வரி வந்து பார்த்தார். ஒரு மில், அதன் முன்னே ஒரு வெறுமை. “றெயில் பாக்க வந்த சனத்துக்கு இதை என்னெண்டு சொல்லுறது ஐயா?”

“வருஷம் சரியா இருக்கெண்டு சொல்லுங்கோ.”

மாலையில் மேசை வீடு திரும்பியது, மில்லையும் சுமந்துகொண்டு. நேசமலர் சோற்றுக்கோப்பையை மடியில் வைத்தார்.

சிரித்தீர்களா? நல்லது. இப்போது உண்மையைச் சொல்லுங்கள். மேலே வருஷங்களை வாசித்தபோது, “அந்த நிறத்தில் அப்போது எஞ்சின் ஓடியதா?” என்று கணக்குப் பார்க்க உங்கள் விரல் ஒன்றாவது மடங்கியதா? மடங்கியதென்றால், வீட்டில் உங்கள் மனைவி எங்கே வைத்துச் சாப்பிடுகிறார் என்று ஒருமுறை எட்டிப் பாருங்கள்.