அந்த ஸ்கேன்

"நூத்துக்கு நூறா?" சுகாதாரத் துறை இயக்குநர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஆராய்ச்சியாளரைப் பார்த்தார். "உங்க பங்களாத் தெருவுலயும் எல்லாரும் எடுத்திருக்காங்க, ஆலைத் தெருவுலயும் எல்லாரும் எடுத்திருக்காங்க. அப்புறம் ஏற்றத்தாழ்வு எங்கய்யா இருக்கு? இலவச வண்டி எதுக்கு?"

ஆலைத் தெருப் பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் முற்றிய பிறகுதான் தெரிகிறது, அரசு பரிசோதனை வண்டி அனுப்பினால் பல உயிர்கள் தப்பும் என்பதுதான் ஆராய்ச்சியாளரின் ஆய்வு. சுகாதாரக் கொள்கை பற்றி மணிக்கணக்கில் பேசுவார். பெண்கள் முன்னால் 'மார்பகம்' என்ற சொல் மட்டும் தொண்டையைத் தாண்டாது. ஆகவே வீடு வீடாக அவர் கேட்டதெல்லாம், "அந்த ஸ்கேன் எடுத்தீங்களா?"

மறுபடியும் ஆலைத் தெருவுக்கு ஓடினார்.

"அந்த ஸ்கேன்னா எந்த ஸ்கேன்?" என்றார் தையல்காரம்மா.

"பொம்பளைங்களுக்கு எடுப்பாங்களே, அது."

"அதுவா! மூணு தடவையும் எடுத்தேனே. கடைசியில ரெட்டைன்னு காட்டுச்சு."

அடுத்த வாசலில் கேள்வியைத் திருத்தினார். "நெஞ்சுல எடுக்கிறது."

"நெஞ்சு வலியெல்லாம் எங்க வீட்டுக்காரருக்குத்தான்."

மூன்றாம் வாசலில் ஓர் இளம்பெண் நின்றாள். அவர் இரண்டையும் சேர்த்து, "பொம்பளைங்க நெஞ்சுல என்ன இருக்குன்னு பாக்கணும்" என்றார்.

"என்ன இருக்குன்னு பாக்கணுமா? அண்ணே, இங்க வா!"

அண்ணன் வந்தான். கூடவே நாலைந்து பேர் வந்தார்கள். ஆராய்ச்சியாளரின் சட்டைக் காலர் அவர்கள் கைக்குப் போனது.

உயிர்ப் பயத்தில் தொண்டை திறந்துகொண்டது. "மார்பகம்! மார்பகப் புற்றுநோய்! கட்டி இருக்கான்னு பாக்கிற ஸ்கேன்! எடுத்தீங்களா இல்லையா?"

காலரைப் பிடித்த கைகள் விலகின.

"இதை முன்னாடியே சொல்றதுக்கென்ன?" என்றார் தையல்காரம்மா. "அப்படி ஒண்ணு இருக்குன்னே எங்களுக்குத் தெரியாதே."

ஒருத்தர்கூட எடுத்திருக்கவில்லை. அவருக்கு வருத்தமாக இருந்தது. வெட்கம்கெட்ட சந்தோஷமும் இருந்தது. திருத்திய கணக்கைப் பார்த்ததும் இயக்குநர் ஆலைத் தெருவுக்கு வண்டியை ஒதுக்கிக் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். "பாத்தியா? அங்க ஒருத்தர்கூட எடுக்கல. நம்ம தெருவுல ஒருத்தர் பாக்கி இல்ல. படிப்பு, வசதி, விழிப்புணர்வு எல்லாம் பண்ற வேலை."

கிழிந்த காலரைத் தைத்துக்கொண்டிருந்த மனைவி ஊசியை நிறுத்தினாள்.

"ஏங்க, நம்ம தெருவுல நீங்க கேட்டதும் இந்த ஸ்கேனைத்தானா? நாங்கல்லாம் வயித்துல புள்ள இருந்தப்ப எடுத்ததையில்ல சொன்னோம்!"