மலையேறும் வண்டியை மலையேற்றிய குற்றம்

பெருமதிப்பிற்குரிய பணிமனை மேலாளரும், என் மனைவியின் உடன்பிறந்த தம்பியுமான மைத்துனர் அவர்களுக்கு,

இங்கு நானும் உங்கள் அக்காவும் நலம். வண்டி நலமில்லை. அங்கு நீங்கள், உங்கள் மனைவி, குழந்தைகள், உங்கள் பணிமனையின் வாரண்டி விதிகள் எல்லோரும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. போன வாரம்வரை உங்களை 'வாடா, போடா' என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். உங்கள் பணிமனை எனக்கு 'மதிப்பிற்குரிய வாடிக்கையாளரே, பழுதுக்குத் தாங்களே பொறுப்பு' என்று எழுதிய பிறகு, மரியாதையில் நான் மட்டும் குறை வைப்பானேன்?

இந்த வண்டியை என் தலையில் கட்டியது யார் என்பது உங்களுக்கே தெரியும். ஓய்வு பெற்றதும் சின்னதாக ஒரு கார் போதும் என்றிருந்தவனிடம், "மாமா, இது நாலு சக்கரமும் இழுக்கும். பாறையில ஏறும், ஆத்துல இறங்கும், கேக்கவே வேணாம்" என்றீர்கள். கேட்காமல் விட்டது என் தப்புதான். உங்கள் அக்கா மலையுச்சி அருவியைப் பார்க்க வேண்டும் என்று கல்யாணமான புதிதிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறாள். அவள் என்னிடம் வாய்விட்டுக் கேட்டது அது ஒன்றுதான். இத்தனை வருஷமும் வேலையைக் காரணம் காட்டித் தள்ளிப்போட்டேன். இனிமேல் சொல்லக் காரணம் இல்லை, அதனால் வாங்கினேன்.

நான் வண்டியை வைத்துக்கொண்ட லட்சணத்தைப் பற்றி உங்கள் ஆட்கள் சந்தேகம் கிளப்பியிருக்கிறார்கள். பண்டகசாலைக் காப்பாளராகக் காலம் தள்ளியவன் நான். என் கைக்கு வந்த பொருள் வந்த உறை கலையாமல்தான் வெளியே போகும். எங்கள் வீட்டு டிவி ரிமோட் இன்றைக்கும் பிளாஸ்டிக் தாளுக்குள்தான் இருக்கிறது. சோபாவில் உட்கார்ந்தால் சரசரவென்று சத்தம் வரும் என்று நீங்களே கேலி செய்திருக்கிறீர்கள். வண்டி சீட்டின் உறையையும் நான் பிரிக்கவில்லை. அருவிக்குக் கிளம்பிய அன்று, சேறு தெறித்து வண்டியின் முகம் பாழாகிவிடக் கூடாதே என்று, மெத்தை சுற்றி வந்த கெட்டி பிளாஸ்டிக்கை வெட்டி முன்பக்கம் முழுக்க இழுத்துக் கட்டி முகமூடி போட்டுவிட்டேன். பெற்ற பிள்ளையைக்கூட இப்படிப் பொத்திப் பொத்தி வளர்த்திருக்க மாட்டார்கள். என்னைப் போய் 'கவனக்குறைவான பயன்பாடு' என்கிறார்கள்.

ஓடையைத் தாண்டினோம், பாறையில் ஏறினோம். அருவிச் சத்தம் காதில் விழுகிறது, பாக்கி ஒரே ஒரு வளைவுதான். உங்கள் அக்கா, "என்னங்க, இந்த முள்ளு சிவப்புல நிக்குது" என்றாள். "மலை ஏறினா முள்ளும் ஏறத்தான் செய்யும், பேசாம வா" என்றேன். அவள் பேசாமல்தான் வந்தாள், வண்டிதான் பேசிவிட்டது. குபுகுபுவென்று ஆவி, ஒரு முனகல், அவ்வளவுதான், நின்றது. நான் சிக்னல் தேடிப் பாறைமேல் ஏறினேன். உங்கள் அக்கா அந்த முகமூடியை அவிழ்த்து ஈரத்தரையில் விரித்து உட்கார்ந்துகொண்டாள். கடைசியில் விறகு ஏற்றிவந்த ஒரு டிராக்டர் எங்களைக் கட்டி இழுத்துவந்தது. அந்த டிராக்டருக்கு வாரண்டி என்ற வார்த்தையே தெரியாது. வழிநெடுக அவள் அருவி இருந்த பக்கமே திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு வந்தாள். எனக்கு அவமானமாக இருந்தது.

பிறகு உங்கள் பணிமனை. கழுத்தில் டை கட்டிய அந்த மகானுபாவர் கேட்டார்: "சார், மண் ரோட்ல போனீங்களா?"

"மலைக்குப் போனேன் தம்பி. வண்டிக்குப் பின்னாடி மலைப்படம் போட்டிருக்கீங்களே."

"அது படம் சார். வாரண்டி தார் ரோட்டுக்குத்தான்."

"அப்போ பாறையில ஏறும்னு சொன்னது?"

"ஏறும் சார். ஏறினா வாரண்டி போயிடும்."

"ஓடையில?"

"வண்டி தண்ணிக்குள்ள போச்சா, தண்ணி வண்டிக்குள்ள வந்துச்சா சார்?"

வேதாந்த வகுப்புக்கு வந்துவிட்டோமோ என்று வாசலில் இருந்த பலகையை இன்னொரு தடவை பார்த்துக்கொண்டேன். கம்பெனி பணிமனையைக் காட்டுகிறது, பணிமனை பாதையைக் காட்டுகிறது, பாதை ஓட்டியவனைக் காட்டுகிறது. எல்லோரும் சேர்ந்து என் ஒருவன் தலையில் கைவைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்கள். இத்தனைக்கும் எனக்கு வந்த அந்தக் கடிதத்தின் கீழே கையெழுத்து யாருடையது என்று பார்த்தால், நான் தோளில் தூக்கிவைத்துக்கொண்டு பொருட்காட்சி சுற்றிக் காட்டிய பயலுடையது!

ஆகவே முடிவாகச் சொல்கிறேன். இது கம்பெனிக் கோளாறு. அப்படி நீங்கள் எழுத்தில் ஒப்புக்கொள்ளும்வரை நானும் உங்கள் அக்காவும் உங்கள் வீட்டு வாசலை மிதிக்கப் போவதில்லை. அவளுக்கும் இதில் முழுச் சம்மதம்.

குழந்தைகளுக்கு என் ஆசிகள். அவர்களுக்கும் உங்களுக்கும் நீண்ட ஆயுள் உண்டாகட்டும், விதிமுறைகளுக்கு உட்பட்டு.

இப்படிக்கு,
தார் ரோட்டில் மட்டும் பொறுப்புள்ள
உங்கள் அக்கா வீட்டுக்காரர்

பின்குறிப்பு: தம்பி, அக்கா எழுதறேன். ஒட்டிப் போடச் சொல்லிக் குடுத்தார், படிச்சுட்டு ஒட்டறேன். மேல முகமூடின்னு பெருமையா எழுதியிருக்காரே, அதுதான் கோளாறு. முன்னாடி இருக்கற சல்லடை வழியா காத்து போனாத்தான் எஞ்சின் சூடு தணியுமாம். டிரைவிங் ஸ்கூல்ல சொன்னாங்க. ஆமா, நான் டிரைவிங் கத்துக்கறேன். உங்க மாமாகிட்ட தையல் வகுப்புன்னு சொல்லியிருக்கேன். வாரண்டியெல்லாம் வேண்டாம், தப்பு எங்க மேலதான், ஆகற செலவை நாங்களே தர்றோம். ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரும் சாப்பிட வர்றோம். அவர்கிட்ட மட்டும் கம்பெனிக் கோளாறுன்னு வாயால சொல்லிடு, மனுஷன் சரியாத் தூங்கறதே இல்ல. வண்டி தயாரானதும் சாவியை என் கையில குடு. அருவிச் சத்தத்தைக் கேட்டுட்டுப் பாக்காம திரும்பினது எனக்கு அழுகையா வந்துச்சுடா. இந்தத் தடவை நான்தான் ஓட்டப்போறேன். அந்தப் பிளாஸ்டிக்கை நான் தூக்கிப் போடல, மடிச்சு வச்சிருக்கேன். பக்கத்து சீட்டுல உங்க மாமா உட்காருவார் இல்ல, அவர் மேல சேறு படாம சுத்திவிடணும்.