பெண்டாட்டிக்கும் பெயில்தான்

"பெயிலா? எதுல பெயில்?"

மனைவி காரைவிட்டு இறங்கிக் கதவை அறைந்த அறையில், மைதானத்தில் காத்திருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். லைசென்ஸ் தேர்வு அதிகாரியான கணவருக்கு அதுதான் வேண்டும். நன்றாகப் பார்க்கட்டும்!

"கண்ணாடியப் பார்க்கல," என்றார் விறைப்பாக.

"பார்த்தேனே!"

"கண்ணை மட்டும் திருப்பின. தலையத் திருப்பல."

உண்மையில் அவள் பிரமாதமாக ஓட்டினாள். மேட்டில் நிறுத்தி எடுத்தபோது வண்டி ஓர் அங்குலம்கூடப் பின்வாங்கவில்லை. ஆனால் லஞ்சத்துக்குக் கை நீட்டாத அதிகாரி என்ற பெயர் அவருக்கு உயிர். மனைவிக்குப் பாஸ் போட்டால் நாலு பேர் என்ன பேசுவார்கள்?

வீட்டில் பாத்திரங்கள் உருண்டன.

"பேக்கரி வேன் ஓட்டற வேலைங்க. திங்கட்கிழமை லைசென்ஸோட வரலன்னா வேற ஆள் போட்டுடுவாங்க. உங்க பேரைக் காப்பாத்த என் வேலைதான் கிடைச்சுதா?"

"நேர்மைன்னா அப்படித்தான்."

"ஓட்டத் தெரிஞ்சவளைத் தெரியாதுன்னு சொல்றது நேர்மையா? பச்சைப் பொய்!"

அவருக்கும் கோபம் வந்தது.

தான் பாஸ் போட்டால்தானே பேச்சு என்று, மறுநாள் அவளைச் சக அதிகாரியிடம் அனுப்பினார். கார் நகருமுன்பே முடிவு வந்துவிட்டது: பெயில்.

"வண்டியே எடுக்கலியேய்யா!"

"சீட்டை முன்னாடி இழுத்த விதம் சரியில்லண்ணே," என்று வியர்வையைத் துடைத்தார் சக அதிகாரி. "நீங்களே பெயில் போட்டவங்களுக்கு நான் பாஸ் போட்டா, என்மேலயே புகார் எழுதிட மாட்டீங்க?"

பல்லைக் கடித்துக்கொண்டு பக்கத்து ஊர் அலுவலகத்துக்குப் போன் போட்டார். "என் மனைவி வர்றாங்க. என் மனைவின்னு பார்க்காம டெஸ்ட் பண்ணுங்க."

சாயங்காலம் அந்த அதிகாரி பெருமையாகக் கூப்பிட்டார். "நீங்க சொன்ன மாதிரியே பார்க்கல சார்! ஹார்ன் சத்தம் மரியாதையா இல்லன்னு பெயில் போட்டுட்டேன்!"

அன்று படுக்கையறைக் கதவு சாத்தியிருந்தது. வெளியே அவளுடைய 'எல்' போர்டு தொங்கியது.

"என்னடி இது?"

"ஞாயம்னா என்னன்னு கத்துக்கிட்டு உள்ள வாங்க!"

சோபாவில் புரண்டு புரண்டு படுத்தார். அவள்மேல் இருந்த ஆத்திரமெல்லாம் மெல்ல அவர் பக்கமே திரும்பியது. நல்லவன் என்று பெயர் வாங்க, ஒரு நல்ல டிரைவரை அல்லவா காவு கொடுத்துக்கொண்டிருக்கிறோம்? எவன் என்ன பேசினால் என்ன!

வெள்ளிக்கிழமை, மைதானம் நிறைந்திருந்த நேரத்தில், தானே அவளைக் கூப்பிட்டார். மேடு, வளைவு, ரிவர்ஸ், ஒன்றையும் விடவில்லை. பாதையோரம் வைத்திருந்த ஒரு கூம்புகூட அசையவில்லை.

"பாஸ்!" என்று எல்லோர் காதிலும் விழும்படி கத்தினார்.

"இன்னைக்காவது உண்மை பேசினீங்களே," என்று முறைத்துவிட்டு இறங்கினாள். முறைப்பின் ஓரத்தில் கொஞ்சம் சிரிப்பும் இருந்தது.

அவருக்கு நெஞ்சு லேசாகிவிட்டது. மைதானத்துக் காவலாளி கூம்புகளை அடுக்கிக்கொண்டே அருகில் வந்து, குரலைத் தாழ்த்தினான்.

"ஒருவழியா அம்மா காசைக் குடுத்துட்டாங்களா சார்? சொந்தப் பொண்டாட்டிகிட்டகூட வாங்காம விட மாட்டேங்கறாரே மனுஷன்னு, இங்க எல்லாரும் ஒரே பேச்சு!"