பைண்டர் ஒட்டிய பழிவாங்கல்

பக்க எண்கள் அத்தனையும் கட்டிங் மெஷினுக்கு அடியில் குப்பையாகக் கிடந்தன. பைண்டர் திருதிருவென்று விழித்துக்கொண்டு நின்றார்.

நல்ல எண்ணத்தில்தான் செய்தார். பழைய புத்தகத்தின் அடி ஓரத்தைக் கரையான் அரித்திருந்தது. தையலைப் பிரித்த கையோடு அந்த ஓரத்தைச் சீவிவிடலாம் என்று நினைத்தார். பக்க எண்ணும் அங்கேதான் இருக்கிறது என்பது கத்தி இறங்கிய பிறகே உறைத்தது.

வேறு புத்தகமாக இருந்தால் தலையைச் சொறிந்துவிட்டு விட்டிருப்பார். இது நூலகத்தின் பிரெஞ்சு நாவல், தமிழில் தலையணை கனத்துக்கு வந்தது. துரோகம், சிறை, திடீர்ப் பணம், பழிவாங்கல் என்று ஊரே மாறி மாறிப் படித்துக் கிழித்த கதை.

"நானே இன்னும் படிக்கல, என் கைக்கு வந்தாத்தானே. இத நல்லாப் பண்ணிக் குடுங்க, நூலகத்து வேலை மொத்தமும் உங்களுக்குத்தான்" என்று நூலக அம்மா சொல்லியிருந்தார். அந்த வேலை வராவிட்டால் பட்டறைக்குப் பூட்டுதான்.

வரிசையாவது கலையாமல் இருக்கட்டும் என்று தாள்களை மொத்தமாக அப்படியே தூக்கினார். போன் அடித்தது. ஒரு கையை எடுத்தார். நாவல் சின்னச் சின்னத் தாள் கட்டுகளாகப் பட்டறை முழுக்கப் பரவியது.

சத்தம் கேட்டு மனைவி வந்தாள். "ஒரு கட்டு பாதி வாக்கியத்துல முடிஞ்சா, மீதி இன்னொரு கட்டுல இருக்கும்ல. சேத்துடலாம், நகருங்க" என்று உட்கார்ந்தாள்.

சாயங்காலத்துக்குள் எல்லாம் சேர்ந்து இரண்டு குவியலாகிவிட்டது. நடுவில் ஒரு கட்டு முழு வாக்கியத்தோடு முடிந்திருந்தது; அத்தியாய எண் கிடையாது, தலைப்புப் பக்கமும் 'முற்றும்' போட்ட பக்கமும் எப்போதோ கிழிந்து போயிருந்தன. "இதுல எது முன்னாடி, எது பின்னாடின்னு மட்டும் புரியலங்க."

அப்போதுதான் மச்சான் உள்ளே வந்தான். மனைவியின் தம்பி. கேட்காத யோசனையையும் சொல்லக்கூடியவன்.

"இந்தக் கதையா? எனக்கு அத்துப்படி, மாமா."

"படிச்சிருக்கியா?"

"கரைச்சுக் குடிச்சிருக்கேன். இது முன்னாடி. பெரிய பணக்காரனா வந்து எறங்குறான் பாருங்க. ஜெயிலெல்லாம் கடைசிலதான்."

"பழிவாங்கணும்னா அதுக்கு முன்னாடி ஏதாவது நடந்திருக்கணுமேடா?" என்றாள் அக்கா.

"பிரெஞ்சுக் கதை அப்படித்தான்க்கா இருக்கும்."

பைண்டர் தைத்தார், ஒட்டினார், அட்டை போட்டார். மறுநாள் மனைவி அதைப் புரட்டிக்கொண்டே வந்து கடைசிப் பக்கத்தில் நின்றாள்.

"என்னங்க, நிச்சயதார்த்தம் நடக்குது. மூணு பேரு சேர்ந்து மாட்டிவிடுறாங்க. ஜெயில் கதவ சாத்துறாங்க. அதோட முடிஞ்சுது. அப்ப முதல்லயே எதுக்குப் பழிவாங்கினான்?"

மச்சானுக்கு ஆள் போனது.

"படிச்சேன்னு சொன்னியேடா?"

"கரைச்சுக் குடிச்சேன்னுதான் சொன்னேன் மாமா. படமா பாத்தேன். டிக்கெட் கிடைச்சு உள்ள போறப்போ இடைவேளை முடிஞ்சிடுச்சு. விட்ட பாதிய அடுத்த ஆட்டத்துல பாத்தேன்."

"கூட இருந்தே குழி பறிச்சிட்டியேடா."

பசை காய்ந்து இறுகிவிட்டது. பிரித்தால் பழைய தாள் பொடிப்பொடியாகிவிடும். மச்சானை என்ன செய்யலாம் என்று பைண்டருக்கு வரிசையாகத் தோன்றியது. அந்த நாவலின் கதாநாயகனே தோற்றான், போங்கள். வேறு வழியில்லாமல் புத்தகத்தை நூலகத்து மேசையில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டார்.

ஒரு மாதம் கழித்து நூலக அம்மா கூப்பிட்டு அனுப்பினார். போனார். அம்மாவின் கண்கள் சிவந்திருந்தன. புத்தகம் அவர் மடியில் இருந்தது.

"அலமாரியில கிழிஞ்சது எல்லாத்தையும் எடுத்துட்டுப் போங்க. இதே மாதிரி கட்டிக் குடுங்க."

"இதே மாதிரியா அம்மா?"

"இம்மி பிசகக் கூடாது."

பைண்டர் கிழிந்த புத்தகங்களை அள்ளிக்கொண்டு கிளம்பினார். வாசலில் நூலக உதவியாளர் அவரை ஓரமாக இழுத்தார்.

"அம்மா ரெண்டு தடவ படிச்சிட்டாங்க சார். நானும் படிச்சேன். அந்த மூணு பேரும் ஒரு பாவமும் அறியாதவங்க, எங்கேருந்தோ வந்த பணக்காரன் அவங்க குடும்பத்தையே நாசம் பண்ணிட்டான். கடைசில மூணு பேரும் ஒண்ணு சேந்து அவன உள்ள தள்ளி எப்படிப் பழிவாங்கினாங்க பாத்தீங்களா?"