பெரியப்பாவைக் கைது செய்த ஞாயிற்றுக்கிழமை

1. ஞாயிறு காலை பதினொன்று இருபதுக்கு என் பெரியப்பாவுக்கு ஒரு போலி போலீஸ் அதிகாரி போன் செய்தார்.
2. அந்த அதிகாரியை ஏற்பாடு செய்தவள் நான்.
3. பதினொன்று முப்பத்தொன்றுக்கு அதிகாரி பெரியப்பாவைப் போனிலேயே கைது செய்தார்.
4. பன்னிரண்டு பத்துக்கு நிஜப் போலீஸ் எனக்குப் போன் செய்தது.

இப்படி எழுதிப் பார்த்தால், இரண்டாவது வரி இல்லாவிட்டால் மற்ற மூன்றும் இல்லை என்பது தெளிவாகத் தெரிகிறது. (அப்போது எழுதிப் பார்க்கவில்லை.)

எனக்கு அப்போது இருபத்தாறு வயது. மைசூரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் பாதுகாப்புச் சோதனை வேலை. சொந்த ஊழியர்களுக்கே போலி மின்னஞ்சல் அனுப்பி, யார் யார் ஏமாறுகிறார்கள் என்று பட்டியல் எடுப்போம். பட்டியலில் வந்தவர்களுக்கு வகுப்பு உண்டு. இரண்டு வருடம் இதைச் செய்தால், மனிதர்கள் எல்லோரும் ஏமாறுவதற்கென்றே பிறந்தவர்கள், நம்மைத் தவிர, என்று தோன்ற ஆரம்பித்துவிடும்.

பெரியப்பா ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர். எழுபத்திரண்டு வயது. பெரியம்மா போன பிறகு மைசூரிலேயே தனியாக இருக்கிறார். அவர் தெருவிலேயே ஒருவரை "டிஜிட்டல் கைது" என்று போனில் மிரட்டி, மூன்று நாள் அறையைவிட்டு வெளியே வரவிடாமல் வைத்து, சேமிப்பை உருவிவிட்டார்கள். செய்தி பெங்களூருக்குப் போனது. அங்கே இருக்கும் பெரியப்பாவின் மகன் முரளி அண்ணா என்னை அழைத்தான்.

"அப்பாகிட்ட இருந்து அந்த ஸ்மார்ட்போனை வாங்கிடு. பட்டன் போன் போதும். ஏடிஎம் கார்டு என்கிட்ட இருக்கட்டும்."

"அவர் இன்னும் ஏமாறவே இல்லையே அண்ணா?"

"ஏமாந்த அப்புறம் வாங்கி என்ன பிரயோஜனம்?"

"சோதிச்சுப் பார்த்துட்டு முடிவு பண்ணலாம்." (நியாயமாகப் பேசுவதாக நினைப்பு.)

"சரி, சோதி. தோத்தார்னா போனும் கார்டும் போச்சு."

ஏற்கெனவே நான் பெரியப்பாவின் ஃப்ரிட்ஜில் பதினெட்டு அம்ச எச்சரிக்கைத் தாள் ஒன்றை ஒட்டியிருந்தேன். அவர் அதை முழுசாகப் படித்துவிட்டு, "பன்னெண்டும் பதினாறும் ஒண்ணுதான்மா" என்றார். அதைக் கவனக்குறைவின் அறிகுறி என்று குறித்துக்கொண்டேன். வெள்ளிக்கிழமையே கடைக்குப் போய் பட்டன் போனும் வாங்கி வந்துவிட்டேன். பரீட்சை ஞாயிற்றுக்கிழமை.

போலி அதிகாரி வேஷம் என் சக ஊழியன் நவீனுக்கு. ஆறடி உயரம், அதட்டலான குரல், எலி மாதிரி மனசு. அவனுடைய இன்னொரு போனிலிருந்து அழைத்தான். கான்ஃபரன்ஸில் நான் சத்தம் காட்டாமல் கேட்டுக்கொண்டிருந்தேன். நான் எழுதிக் கொடுத்த வசனத்தை நவீன் ஆங்கிலத்தில் உறுமினான்: உங்கள் பெயரில் ஒரு பார்சல், உள்ளே போதைப்பொருள், வழக்கு பதிவாகிவிட்டது.

பெரியப்பா பதறவில்லை. "உங்க பேர், பதவி, எந்த ஸ்டேஷன்?" என்று கேட்டு எழுதிக்கொண்டார். பேனா நகரும் சத்தம் எனக்கே கேட்டது. பிறகு, "பிரைவேட் நம்பர் கொடுங்க சார்" என்றார்.

நவீனுக்குப் புரியவில்லை. எனக்கும்தான்.

"ரயில்வேல போன்ல யார் என்ன சொன்னாலும் நம்பர் வாங்காம நாங்க நம்பமாட்டோம். கேட் சாத்தியாச்சுன்னு கேட்மேன் சொன்னா போதாது. அவர்கிட்ட இருக்கற தாள்ல இருந்து ஒரு நம்பர் சொல்லணும். நான் அதை எழுதிக்கணும். ஒரு நம்பர் ஒரு தடவைதான், அப்புறம் அடிச்சிடணும். நம்பர் இல்லாம முப்பத்தாறு வருஷத்துல நான் ஒரு வண்டியையும் விட்டதில்ல. உங்களை மட்டும் எப்படி விடறது?"

நான் மாதாமாதம் படம் போட்டு வகுப்பெடுக்கும் ஒருமுறைக் கடவுச்சொல் ஏற்பாட்டை, நஞ்சன்கூடு பக்கம் ஒரு கருப்புத் தொலைபேசியை வைத்துக்கொண்டு இவர் தினமும் செய்திருக்கிறார்.

நவீன் வியர்த்துப்போய், "நாற்பத்தேழு" என்றான்.

"நாற்பத்தேழு. எழுதிக்கிட்டேன். உங்க ஸ்டேஷனுக்கு நானே போன் பண்ணி சரிபார்த்துக்கறேன். அந்த நம்பரை நீங்க தர வேண்டாம், நான் தேடிக்கறேன்."

நவீன் எனக்கு மெசேஜ் அனுப்பினான்: "இப்ப என்ன?" நான் பதில் அனுப்பினேன்: "கைது பண்ணு." (என் வாழ்க்கையில் நான் எழுதிய மிக மோசமான இரண்டு வார்த்தைகள்.)

"யூ ஆர் அண்டர் அரெஸ்ட்!" என்று நவீன் கத்தினான். "அறையைவிட்டு நகரக்கூடாது!"

"கைதுன்னா ஸ்டேஷன்ல இல்ல வைப்பாங்க? சிரமப்படாதீங்க சார், நானே போயிடறேன்."

போனை வைத்துவிட்டார். சட்டையை மாற்றிக்கொண்டு, குடையும் நோட்டும் எடுத்துக்கொண்டு, பக்கத்துக் காவல் நிலையத்துக்கு நடந்தே போய், தன்னைக் கைது செய்திருப்பவர் யார் என்று விசாரித்திருக்கிறார்.

ஹெட் கான்ஸ்டபிள் அம்மா, பெரியப்பா நோட்டில் குறித்து வைத்திருந்த போன் நம்பருக்கு அடித்தார். நவீன் "ஹலோ" சொல்வதற்கு முன்பே என் பெயரைச் சொல்லிவிட்டான்.

அடுத்த போன் எனக்கு வந்து, நான் நிலையத்துக்குப் போனபோது பெரியப்பா நாற்காலியில் காபியோடு உட்கார்ந்திருந்தார். எனக்கு நாற்காலி இல்லை. "இவரு நிம்ம தொட்டப்பனா?" என்று ஹெட் கான்ஸ்டபிள் கேட்டார். ஆமாம், பெரியப்பாதான் என்றேன். நிஜமாகவே ஏமாந்தவர்களின் புகார்க் கட்டைத் தூக்கிக் காட்டி, இதில் உன் விளையாட்டை எங்கே வைப்பது என்றார். கன்னடத்தில் ஒரு பக்கத்துக்கு மன்னிப்புக் கடிதம் எழுதினேன். பெரியப்பா வாங்கிப் படித்து, "தேதி போடலை" என்றார்.

ஆட்டோவில் வீட்டுக்குக் கிளம்பினோம். "முரளி சொன்னானா?" என்றார் பெரியப்பா.

"சோதிக்கலாம்னு சொன்னது நான்தான் பெரியப்பா."

"எனக்குச் சொல்லிக் கொடுக்க பதினெட்டு பாயிண்ட் இருந்தது. எனக்கு என்ன தெரியும்னு கேக்க ஒண்ணுகூட இல்லையாம்மா?"

கைக்குட்டைக்காகப் பையைத் துழாவினேன். பட்டன் போன் பெட்டி வெளியே வந்தது. பெரியப்பா ரசீதை எடுத்துப் பார்த்தார்.

"வெள்ளிக்கிழமை வாங்கியிருக்கே. பரீட்சைக்கு முன்னாடியே மார்க் போட்டாச்சு."

அந்தப் போனை அவர் தீபாவளிக்கு வண்ணக் காகிதம் சுற்றி முரளி அண்ணாவுக்குப் பரிசாகக் கொடுத்தார். எங்களுக்கு ஆளுக்கொரு தாளில் ரூல் போட்டு, இனி அவருக்குப் போன் செய்யும்போது சொல்ல இருபது நம்பர்களும் எழுதிக் கொடுத்தார். எனக்குக் கல்யாணம் நிச்சயமானதைச் சொல்லப் போன் செய்தபோது, என் தாளில் நம்பர் தீர்ந்துபோயிருந்தது. "யாருன்னு தெரியலையே" என்று வைத்துவிட்டார். ஆட்டோ பிடித்துப் போய்ப் புதுத் தாள் வாங்கி, வாசலில் நின்று போன் செய்து, நம்பர் சொல்லி, விஷயத்தைச் சொன்னேன். கல்யாணத்தில் தாலி கட்டும் நேரத்தில் பின்வரிசையிலிருந்து சித்தப்பா, "மாப்பிள்ளைகிட்ட நம்பர் வாங்கினியாம்மா?" என்று கத்தினார். வீடியோவில் தெளிவாகப் பதிவாகியிருக்கிறது.

ஸ்மார்ட்போன் பெரியப்பாவிடம் இருக்கிறது. கார்டும் அவரிடமே. பதினெட்டு அம்சத் தாளில் பன்னிரண்டை மட்டும் அடித்துவிட்டு மற்றதை வைத்திருக்கிறார். என் தாளில் இன்னும் ஆறு நம்பர்கள் மீதி.